சில்வியாவின் சிட்டிகை உப்பு

கூல் ரூம் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த அன்று சில்வியா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல முறை நினைத்துக்கொண்டாள். அழுகிற பெண்ணைப் பார்த்து யாராவது ஒருவர் பாவம் என்றிருப்பார்கள். அவள் வாயைத் திறக்காமல் நின்றாள். அப்படி நிற்கிறவளைத் திருடி என்று எடுத்துக்கொள்வது மற்றவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

அந்தச் சாவி அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் அண்ணன் சகாயநாதனோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரினாள். உப்பு லாரி ஓட்டும் ஆண்ட்ரூஸைக் கட்டிக்கொண்ட பிறகும் வாரினாள். கால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறி ஏறி, செருப்புக்கூடப் போட முடியாமல் போனபோதுதான் வேறு வேலை தேடினாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு சீஸ் பண்ணைக்கு ஆள் வேண்டுமாம் என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ சொன்னார்கள். சீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்கத்தான் போனாள்.

பண்ணை மார்ட்டினுடையது. பிரான்ஸில் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடும் சீஸ் பைத்தியத்தோடும் ஊர் திரும்பிய புதுச்சேரிக்காரர். ஞானஸ்நானம் வாங்கியவர்தான், ஆனால் கோயில் வாசலை மிதித்து யாரும் பார்த்ததில்லை. புதுச்சேரி வழக்கப்படி அவரை எல்லாரும் 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். ஐயா என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அங்கே பாலை உறைய வைத்து, பிரிந்த தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, அந்த இடத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். கட்டியை அச்சில் போட்டு அழுத்தினால் சின்னச் சக்கரம் மாதிரி வரும். அதை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டு எடுத்து, கூல் ரூமில் பலகை மேல் அடுக்கி மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தினமும் புரட்டிப் போட்டுத் துடைக்க வேண்டும். புரட்டாவிட்டால் அடிப்பக்கம் வியர்த்து அழுகிவிடும். தொட்டில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது மாதிரி சில்வியா அவற்றைப் புரட்டுவாள். பெருக்க வந்தவள் துடைக்க ஆரம்பித்து, துடைக்க வந்தவள் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து, கடைசியில் ஒரு நாள் முசியே சாவியை அவள் கையில் வைத்து, "இனிமே உள்ள யார் போனாலும் உன்கிட்ட கேட்டுட்டுதான் போகணும். நான் உட்பட" என்றார். அன்றைக்கு அவள் மாமியார் இன்னாசிமேரி தெரு முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், தன் மருமகள் பேங்க் லாக்கரையே பார்த்துக்கொள்வது மாதிரி.

இப்போது உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில்வியாவின் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் பாத்தியில் விளைகிற முதல் உப்பில் ஒரு கூடை கோயிலுக்குப் போகும். சாமியார் அதை மந்திரித்துத் தருவார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து பாட்டிலில் போட்டு, வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் அதிலிருந்து ஒரு சிட்டிகை விழும். புதுவீட்டு அஸ்திவாரத்தில், புதுக் கிணற்றில், ஆண்ட்ரூஸின் லாரி எஞ்சினில்கூட. கூல் ரூம் பொறுப்பு கைக்கு வந்த முதல் நாள், பண்ணையில் கடையிலிருந்து வாங்கிய தூள் உப்பு மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கரைத்தபோது, சில்வியா சிலுவை போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையில் இருந்த பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டாள். அதற்கப்புறம் தொட்டியில் புதுத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கோலம் போடுகிறவள் கோலம் போட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

அவள் போட்ட சக்கரங்கள் நன்றாகப் பழுத்தன. சென்னை ஓட்டல்களிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போனார்கள்.

போன வருடம் கோடை முடிகிற நேரத்தில், ஒரு சக்கரத்தை வெட்டிய முசியே சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டார். தோலுக்குக் கொஞ்சம் கீழே, வெண்ணெய் நிறச் சதைக்குள், ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. அடுத்ததை வெட்டினார்கள். அதிலும் இருந்தது.

"என்ன இது?" என்றார் முசியே.

அந்த நிறம் சில்வியாவுக்குத் தெரியும். வெயில் ஏற ஏற, உப்பு கட்டத் தொடங்குவதற்கு முன்னால் மரக்காணத்துப் பாத்திகளில் தண்ணீர் இதே ரோஸ் நிறத்துக்குத்தான் வரும். ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்த உப்புதான் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

திட்டு விழுந்த சீஸை முசியே விற்கவில்லை. சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து சங்கீதா என்ற பெண் வந்தாள். சீஸில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றித்தான் அவள் படிப்பே. நீளமான குழாயைச் சீஸில் செருகி, பென்சில் பருமனுக்கு ஒரு துண்டை உருவி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

"இதுல இருக்கற கிருமிய பூதக்கண்ணாடியில வச்சிப் பாப்பியாம்மா?" என்று சில்வியா கேட்டாள்.

"கண்ணாடியில பாத்தா எல்லாம் ஒரே மாதிரி புள்ளி புள்ளியாதான்க்கா தெரியும். வளத்துப் பாக்கலாம்னா பாதிக்கு மேல வளரவே வளராது. அதனால டிஎன்ஏவ பிரிச்சி எடுத்துப் படிக்கப் போறோம். உள்ள யார் யார் இருக்காங்கன்னு அது பேரோட சொல்லிடும்."

பேரோடு சொல்லிவிடும். அந்த வார்த்தை சில்வியாவின் நெஞ்சில் ஈட்டி மாதிரி இறங்கியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளை மாமியார் துருவித் துருவிக் கேட்டாள்.

"டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கறாங்க, அத்தை" என்றாள் சில்வியா.

இன்னாசிமேரி கையில் இருந்த செபமாலையைக் கீழே வைத்தாள். "யாருக்குடி? டிவியில வர்ற மாதிரி, புள்ள யாருதுன்னு பாக்கறதா? டேய் ஆண்ட்ரூ, இங்க வாடா. உன் பொண்டாட்டி என்னமோ சொல்றா."

"சீஸுக்கு அத்தை. சீஸுக்கு."

"சீஸுக்கு எதுக்குடி அப்பன் யாருன்னு தெரியணும்?"

ஆண்ட்ரூஸ் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "பசு மேல சந்தேகமாம்மா. முசியே கேஸ் போடப் போறாரு" என்றான். சில்வியா எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு அவளுடைய பயத்தைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை.

முதலில் எடுத்துப் போன துண்டுகள் வீணாய்ப் போயின. வழியில் மழை, பஸ் நகரவில்லை, ஐஸ் உருகிவிட்டது. பெட்டிக்குள் எது முன்னாலேயே இருந்தது, எது வெக்கையில் புதிதாகப் பெருகியது என்று சொல்ல முடியாதாம். சங்கீதா மறுபடி வந்து எடுத்துப் போனாள். அதற்குள் இன்னும் நிறையச் சக்கரங்களில் திட்டு வந்துவிட்டது. முசியே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

முடிவு வந்தபோது பேக்கிங் மேசையைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்து அவரே படித்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள். பாலைப் புளிக்க வைக்கிறவை, மனிதத் தோலில் இருப்பவை, புல்லில் இருப்பவை. நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது உப்பளத்துல மட்டும் இருக்கறது. செக்கச் செவேல்னு இருக்குமாம். நான் வாங்கறது சுத்தம் பண்ண மூட்டை உப்பு. அதுல இது வராதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. அப்ப எப்படி வந்துது?"

பால் தொட்டியில் வேலை பார்க்கும் தமிழரசன் ஜன்னலைப் பார்த்தான்.

"சில்வியா, உங்க அண்ணனுக்கு உப்பளம் இருக்குல்ல?"

"இருக்குங்க முசியே."

"என் மூட்டைய வெளிய வித்துட்டு, அங்கேர்ந்து அள்ளிக்கினு வந்து கரைக்கறியா?"

"நான் எடுக்கலைங்க."

"அப்ப இது எப்படி வந்துதுன்னு சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரு சிட்டிகை, முசியே, சாமியார் மந்திரித்தது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரியைச் சொல்வதென்றால், மாதாவின் காலடியில் இருந்த உப்புதான் இத்தனை பேருடைய பிழைப்பைக் கெடுத்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். திருடி என்ற பெயரைக்கூடச் சுமந்துவிடலாம். இதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. முசியே கையை நீட்டினார். அவள் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கழுவும் இடத்தில் வேலை. அச்சுகள், துணிகள், கரண்டிகள். கூல் ரூமைத் தமிழரசன் பார்த்துக்கொண்டான். சாவி முசியேவிடமே இருந்தது. அவன் நல்லவன்தான், ஆனால் சக்கரத்தைப் புரட்டச் சொன்னால் தோசையைத் திருப்பிப் போடுகிறவன்.

சில்வியா யாரோடும் பேசாமல் கழுவினாள். தன் கையால் வந்த கேட்டைத் தன் கையாலேயே துடைத்துவிட வேண்டும் என்ற வெறி. கூரை மேல் முசியே கோடைக்கு முன்னால் புதிதாக வைத்திருந்த சோலார் ஹீட்டரிலிருந்து கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வரும். ஒரு தரம் கழுவினால் போதும் என்ற அச்சை இரண்டு தரம் கழுவினாள், மூன்று தரம் அலசினாள். துணிகளை அந்தச் சுடுதண்ணீரிலேயே ஊறப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. உப்பளத்துக் கிருமி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

திட்டு குறையவில்லை. அவள் கழுவக் கழுவ அதிகமாயிற்று. புதிதாகப் போட்ட சக்கரங்களில், அவள் கையே படாத தொட்டியிலிருந்து வந்தவற்றில்கூட ரோஸ் நிறம் பூத்தது. தொட்டியை ஒழித்துப் புது மூட்டை உப்பு கரைத்துமாயிற்று. பின் ஏன்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டு, இன்னும் என்னதான் செய்யட்டும் என்று கோபமாகவே கேட்டாள். பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக, "முசியே வீட்டு உப்ப வித்துட்டியாமே, நெசமா?" என்று கேட்டாள். அதுதான் வந்தது.

சங்கீதா அடுத்த முறை வந்தபோது நேராகக் கழுவும் இடத்துக்கு வந்தாள். "என்னக்கா, இங்க இருக்கீங்க? கூல் ரூம் யார் பாக்கறாங்க?"

சில்வியாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "உன் மெஷினுதான் கொண்டாந்து விட்டுச்சு. எல்லார் பேரையும் சொல்லுது. எவன் பண்ணான்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. அப்புறம் என்ன மெஷினு அது? உள்ள இருந்தா பண்ணிட்டான்னு அர்த்தமா? நானும்தான் உள்ள இருந்தேன்."

சங்கீதா கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. திருவிழா முடிஞ்ச மைதானத்துல செருப்பு கெடக்கும்ல? யார் யார் வந்தாங்கன்னு செருப்ப வச்சி சொல்லலாம். இன்னும் அங்கதான் இருக்காங்களா, போயிட்டாங்களா, பாக்கெட் அடிச்சது யாருன்னு செருப்பு சொல்லாது. அத நான் முசியேகிட்ட சொன்னேன். அவரு ஒரே ஒரு பேர புடிச்சிக்கினாரு."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிப்ப?"

"எல்லாத்தையும் தனித்தனியா எடுத்துப் பாக்கணும். நல்ல சீஸு, திட்டு விழுந்த சீஸு, பாலு, பச்சத்தண்ணி, சுடுதண்ணி, உப்பு. எது திட்டுல மட்டும் இருக்குது, எது நல்லதுலயும் இருக்குதுன்னு பாக்கணும். அப்புறம் உசுரோட இருக்கறத மட்டும் பிரிச்சிப் பாக்க ஒரு வழி இருக்குது, ஒரு சாயம் போட்டு. செத்ததோட டிஎன்ஏல மட்டும் அது ஒட்டிக்கும். அப்ப செத்தது கணக்குல வராது. ஆனா அந்த உப்பு எதுன்னு எனக்குத் தெரியலக்கா. மூட்டை உப்புல அது இல்ல. பாத்துட்டேன்."

சில்வியா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். மஞ்சள் மூடி போட்ட சின்ன பாட்டிலை எடுத்துச் சங்கீதாவின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"மந்திரிச்ச உப்பும்மா. ஒரு சிட்டிகைதான் போடுவேன். எங்க வீட்டுப் பழக்கம். நல்லதுன்னு நெனச்சுதான் போட்டேன்."

"இத ஏன்க்கா சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீ இந்துப் பொண்ணு. உங்க கோயில் விபூதிய தின்னுட்டுப் புள்ளைக்கு வாந்தி எடுத்துச்சுன்னு நீ சொல்லுவியா?"

சங்கீதா பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"திரும்பக் கொண்டாந்துடு" என்றாள் சில்வியா. "இந்த வருசத்துக்கு அதான் இருக்குது."

சங்கீதா குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள், சுடுதண்ணீரைப் பிடித்தாள். தமிழரசன் வேடிக்கை பார்த்தான். "சுடுதண்ணியில என்னங்க மேடம் கிருமி இருக்கப் போவுது? இருந்தாலும் வெந்து செத்திருக்கும். டீத்தூள் போட்டா குடிச்சிடலாம்."

முடிவு சொல்லச் சங்கீதாவே லேப்டாப்போடு வந்தாள். மறுபடி அதே பேக்கிங் மேசை, அதே ஆட்கள். முசியே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சில்வியா கழுவிய அச்சுகளின் கூடையை இடுப்பில் வைத்தபடியே ஓரமாக நின்றாள்.

திரையில் கலர் கலராகக் கோடுகள். சங்கீதா சுற்றி வளைக்கவில்லை. "திட்டுக்குக் காரணம் உப்பளத்துது இல்ல முசியே. அது நல்ல சீஸ்லயும் அதே அளவுதான் இருக்குது. திட்டு விழுந்ததுல மட்டும் இருக்கறது வேற ஒண்ணு. தெர்மஸ்னு பேரு. வெந்நீர் ஊத்துல வாழறது. சூடு இருந்தாதான் அதுக்குப் பிடிக்கும். உங்க சுடுதண்ணியிலயும் அதேதான் இருக்குது."

"சுடுதண்ணியிலயா?"

"சோலார் ஹீட்டர் டேங்க்ல. தண்ணி அங்க கொதிக்கறது இல்ல, சூடா தேங்கி நிக்குது. அதுக்கு வீடு மாதிரி. அந்தத் தண்ணியதான் பால் கட்டியில ஊத்தறீங்க. முன்னாடி கேஸ்ல கொதிக்க வச்சி ஆற வச்சீங்களாமே, அப்ப வரல."

எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். முசியே மட்டும் பார்க்கவில்லை. அந்த ஹீட்டரை வைத்த அன்று அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, பிரான்ஸில் இருக்கும் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பியவர் அவர்தான்.

"அச்சு, துணியெல்லாமும் அந்தத் தண்ணியிலதான் கழுவறீங்களா?" என்று சங்கீதா பொதுவாகக் கேட்டாள்.

"அக்கா மூணு தரம் கழுவும்" என்றான் தமிழரசன். "ஊறப் போட்டு வேற வைக்கும்."

சில்வியாவின் இடுப்பில் கூடை நழுவியது. பிடித்துக்கொண்டாள். வெந்த விரல்களைப் பார்த்தாள். பரிகாரம் என்று நினைத்து அவள் செய்த ஒவ்வொரு அலசலும் அதைத்தான் ஊட்டி வளர்த்திருக்கிறது. உப்பால் கெடாதது, உப்புக்காகக் கழுவிய தண்ணீரால் கெட்டிருக்கிறது. சிரிப்பதா, மார்பில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முசியே எழுந்தார். "அப்ப அந்த உப்பளத்துது எப்படி உள்ள வந்துது?"

சில்வியாவே சொன்னாள். சிட்டிகை, மந்திரித்தது, வீட்டுப் பழக்கம், எல்லாம். இந்த முறை நாக்கு எழுந்தது. முசியே கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், "கேக்காம ஒண்ணு போட்டது தப்புதானே?" என்றார்.

"தப்புதாங்க."

"தமிழரசா, ஹீட்டர் லைனை மூடு. கேஸ்ல கொதிக்க வை." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். யாரைப் பார்த்தும் வைக்கவில்லை. ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் திருடி என்றவர், எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்லவில்லை.

சில்வியா சாவியைத் தொடவில்லை. சங்கீதாவின் பின்னாலேயே வாசல் வரை போனாள். அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அந்த உப்புல இருந்தது சீஸுக்குள்ள என்னதான் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. நீங்க பயப்படாதீங்க."

"கெட்டது பண்ணல. நல்லது?"

சங்கீதா தயங்கினாள். "தொட்டித் தண்ணியில உசுரோட இருந்திருக்கும். சீஸுக்குள்ள போனதும் அதுக்கு உப்பு பத்தாது. செத்துடும். நாம பாத்தது செத்ததோட டிஎன்ஏதான். சும்மா கெடந்துது."

சும்மா கிடந்தது. இத்தனை வருடம் சிலுவை போட்டுப் போட்ட உப்பு, உப்பு பத்தாமல் செத்து, சும்மா கிடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. கெடுக்கிற அளவுக்காவது அதற்கு ஒரு வலு இருந்ததென்று ஆகியிருக்கும். விடுதலை செய்கிறேன் என்று சொல்லி இந்தப் பெண் அதை ஒன்றுமில்லாததாக ஆக்கிவிட்டாள்.

"சரி, பாட்டில குடு" என்றாள்.

சங்கீதாவின் முகம் சுருங்கியது. "அக்கா, டெஸ்ட் முடிஞ்சதும் மீதி சாம்பிள் எதையும் வெளிய விட மாட்டாங்க. லேப் ரூல். மெஷின்ல வேக வச்சி வேஸ்ட்ல போட்டுட்டாங்க. நான் சொல்லி வச்சிருந்தேன். அன்னிக்கு நான் லீவு."

"மந்திரிச்சதுன்னு சொன்னேனே."

"சொன்னேன்க்கா. எழுதிகூட ஒட்டினேன்."

அந்தப் பெண்ணைத் திட்டுவதில் என்ன இருக்கிறது? சில்வியா கூனிமேடு வழியாக ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றுதான் அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கக்கூட இல்லை, தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் கேட்டான்.

வீட்டில் ஆண்ட்ரூஸ் முழுவதையும் கேட்டான். இந்த முறை சிரிக்கவில்லை. "சாவிய எடுத்துக்கினு வந்திருக்கலாம்ல?"

"அவரு சொல்லணும். நான் திருடலைன்னு."

"அவரு சொல்ல மாட்டாரு. பட்டாளத்து ஆளு."

"அப்ப சாவி அங்கயே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும் விடு" என்றாள் இன்னாசிமேரி உள்ளேயிருந்து. "என் மருமவ சாவிக்கு அலையறவ இல்ல." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்த ரூம தெறக்காம வச்சா உள்ள இருக்கறது என்னாடி ஆவும்?" என்றாள்.

அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது. முசியே தொடவில்லை, தமிழரசனும் தொடவில்லை. தன் வேலை முடிந்துவிட்டதென்று அவன் பால் தொட்டிக்கே போய்விட்டான். கூல் ரூம் பூட்டிக்கிடந்தது. சில்வியா கழுவும் இடத்தில் நின்றபடி அந்தக் கதவையே பார்த்தாள். உள்ளே வரிசை வரிசையாகச் சக்கரங்கள். திட்டு விழாத பழைய சக்கரங்களும் அவற்றில் உண்டு, அவள் போட்டவை. ஒரு பக்கமாகவே படுத்து, அடியில் வியர்த்து, புரட்ட ஆளில்லாமல். முசியே ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார். அவளால் பொறுக்க முடியாதென்று அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

டீ நேரத்துக்கு எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். முசியேவும் தன் காபிக் கோப்பையோடு வந்தார். சில்வியா நேராகப் போய்ச் சாவியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நான் உப்பு மூட்டை எதையும் எடுக்கலை" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "யாரும் சொல்லாததால நானே சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

முசியே காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரை போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. இருந்தும் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"சரி, சரி" என்றார் கடைசியில். "சீஸ் காத்துக்கினு இருக்குது. போ."

அவருக்கு வந்தது அவ்வளவுதான். அவள் போனாள். அன்று முழுவதும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள், துடைத்தாள். தமிழரசன் சரியாகப் புரட்டாத கீழ்வரிசையில் சிலது கெட்டுத்தான் போயிருந்தது.

அந்த வாரமே தொட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றினார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டாள். பழக்கத்தில் கை பின்னால் சாப்பாட்டுப் பைக்குப் போய்த் துழாவிவிட்டு வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே கூடி, தொட்டி மேல் கொஞ்ச நேரம் நின்றன. அவற்றுக்கு நடுவில் எதுவும் இல்லை. அவள் விரல்களைப் பிரித்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் அண்ணன் சகாயநாதன் முதல் உப்பு கொண்டுவந்து கொடுத்தான். பாட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது இன்னாசிமேரி அதை எடுத்து நீட்டினாள், இனிமேல் கேட்டுவிட்டுப் போடு என்று. சில்வியா வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.

சிட்டிகை உப்பு இல்லாமல் போட்ட சக்கரங்கள் பழுத்து வந்தபோது, முதல் சக்கரத்தை முசியே அவள் கையாலேயே வெட்டச் சொன்னார். வெட்டினாள். உள்ளே வெண்ணெய் நிறம். எங்கேயும் ஒரு ரோஸ் பொட்டு இல்லை. ருசி முன்னால் இருந்தது மாதிரியே இருந்தது. துளிகூடக் குறையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த ருசியை நினைத்தால்தான் சில்வியாவுக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.